10க்கு 12 காம்பராவில் ஓர் இன்ஸ்டாக்ஸ் மினி 12

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகச் சேர்த்துக் கட்டிய வீடுகளில், பன்னிரண்டு காம்பரா; ஒரு காம்பரா ஒரு வீடு. எங்களுடையது கடைசிக்கு முந்தியது. முன்னால் இஸ்தோப்பு என்கிற வராந்தா, நடுவில் 10க்கு 12 அடி அறை, பின்னால் அப்பா இருந்த காலத்தில் தகரம் அடித்து இறக்கிய குசினி (சமையலறை). இதற்குள் அம்மா, அப்பாவின் அம்மாவான அப்பாயி, உயர்தரம் (ஏ.எல்.) படிக்கும் தம்பி, நான். ஆட்கள் போக மிச்சமிருக்கும் இடத்தில் என் தையல் மெஷின், ஆரி வேலைக்கான (கொக்கி ஊசியால் செய்யும் எம்பிராய்டரி) மரச்சட்டம், தைக்க வந்த துணிகள், தைத்து முடித்தும் காசு வராததால் வீட்டைவிட்டுப் போகாத துணிகள். போன தீபாவளிக்குச் சேர்ந்த தையல் காசில் ஒரு கமராவையும் வாங்கி இதற்குள் வைத்தேன். ஃபுஜிஃபில்ம் இன்ஸ்டாக்ஸ் மினி 12. அமுக்கினால் படம் உடனே வெளியே வருமே, அது. இங்கே எல்லாரும் அதைப் போலராய்டு என்றுதான் சொல்கிறார்கள். போலராய்டு வேறு கம்பனி.

குடும்பப் படம் எடுக்க வாங்கியது இல்லை இது. பிளவுசுக்கு டிசைன் தேடி வாங்கினேன். சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. ஆரி வேலை செய்கிற எல்லாரும் போனில் ஒரே இடத்தில்தான் டிசைன் தேடுகிறோம். அதே மயில், அதே மாங்காய், அதே தாமரை. தலவாக்கலையிலிருந்து வந்த ஒரு பிள்ளை என் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, “அக்கா, இது எல்லாம் ஹட்டன்லயும் போடுறாங்களே” என்றாள். உண்மைதான், பதில் சொல்ல வாயில்லை. மலையகத்துக்கென்று வேறு டிசைன் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மனதில் இருப்பது ரெண்டு இலையும் ஒரு மொட்டும். தேயிலைப் பெட்டியில் இருப்பதைக் கைச்சட்டையிலும் சுமக்க வேண்டுமா என்று நான் அதைப் போடுவதே இல்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு வீடியோ பார்த்தேன். சின்ன அறையில் இருந்துகொண்டே இப்படி உடனடிப் படங்கள் எடுத்துச் சுவரில் தொங்கவிட்டால் கற்பனை ஊறும் என்று ஒரு வெளிநாட்டுப் பெண் விளக்கினாள். அவளுடைய சின்ன அறையில் எங்கள் காம்பரா மூன்று போடலாம். ஆனாலும் ஆசை வந்துவிட்டது.

வாங்கியதிலேயே ஒரு கதை. கொழும்பிலிருந்து அனுப்பினார்கள். கொண்டுவந்தவர் டவுனில் நின்று போன் எடுத்து, “அட்ரஸ் நம்பர் சொல்லுங்க” என்றார். லயத்துக்கு ஏது நம்பர்? கடிதம் என்றாலே தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கிடைத்தால் உண்டு. மேலே வர முடியாது என்று பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை டவுனில் தெரிந்த ஒரு கொமியூனிகேஷன் கடை முகவரியைக் கொடுத்துத்தான் எடுத்தேன். தோட்டத்தில் இருந்துகொண்டு இதையோ இதற்கு ஃபிலிமோ வாங்க நினைப்பவர்கள் முதலில் டவுனில் ஒரு கடைக்காரரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் ஐந்து இருக்கிறது. நான் வெள்ளை வாங்கினேன். விறகடுப்பு உள்ள வீட்டில் வெள்ளைக் கமரா வாங்குவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதை ரெண்டே மாதத்தில் அது எனக்குக் காட்டியது. இப்போது அது தேத்தண்ணி நிறம்.

பாவிப்பது லேசு. லென்ஸைப் பிடித்து ஒரு திருகு திருகினால் கமரா விழிக்கும். இன்னொரு திருகு திருகினால் கிட்டப் படம் எடுக்கும் நிலைக்கு வரும். ரெண்டு பென்டோர்ச் (ஏஏ) பெட்டரி போதும், பத்துப் பெட்டி ஃபிலிம் வரைக்கும் தாங்கும் என்கிறார்கள். எனக்கு இன்னும் மாற்ற வேண்டி வரவில்லை. ஃபிலிம் ஒரு பெட்டிக்குப் பத்து. மஞ்சள் அடையாளத்தை மஞ்சளோடு சேர்த்துப் போட்டு மூடி, ஒரு தடவை அமுக்கினால் கறுப்பு அட்டை வெளியே வரும். அது படம் இல்லை, மூடி. அதற்குப் பிறகு பின்கதவைத் தொடவே கூடாது. தம்பி தொட்டான். “உள்ள எப்படி இருக்குன்னு பாப்பம்” என்று திறந்தான், ஒரு விநாடிதான். முதல் மூன்று படம் வெறும் வெள்ளை, நாலாவது பாதி வெள்ளை.

காசுக் கணக்கைச் சொன்னால் அந்த மூன்றரைப் படத்தின் வலி உங்களுக்கும் புரியும். இருபது படம் உள்ள ஃபிலிம் எனக்கு 7,800 ரூபாவுக்குக் கிடைத்தது. படம் ஒன்று 390 ரூபா. நான் வாங்கிய தீபாவளிக்கு அம்மாவின் ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) 1,350 ரூபா. அதாவது நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுத்தால் மூன்றரைப் படம். நிறை குறைந்து அரைப்பேர் போட்டார்கள் என்றால் ஒன்றே முக்கால். இந்தக் கணக்கை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. தம்பி சொல்லிவிட்டான். “அப்ப நீ நேத்து அந்தச் செவத்தப் புடிச்சதுக்கு நான் ரெண்டு மணித்தியாலம் மலையில நின்னிருக்கேன்” என்றார் அம்மா. கோபம் இல்லை, கணக்குத்தான்.

சரி, படம் எப்படி? சின்ன வீட்டுக்கு ஏற்ற கமரா என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கமரா சின்னது, அது சரி. படமும் சின்னது. வெள்ளை ஓரத்தோடு 86க்கு 54 மில்லிமீற்றர், உள்ளே படம் 62க்கு 46. ஆனால் சின்ன வீட்டை அதற்குள் அடக்க முடியாது. கட்டிலும் அலுமாரியும் மெஷினும் போக எங்கள் அறைக்குள் பின்னால் தள்ளி நிற்கக் கிடைப்பது ஐந்தடி. ஐந்தடியில் நின்று குடும்பத்தைப் பிடித்தால் மூன்று பேர் வருவார்கள், நாலாவது ஆளுக்கு ஒரு காதும் ஒரு தோளும். போனைப் போல அகலமாக்கவும் முடியாது, கிட்ட இழுக்கவும் முடியாது. நான் வாசலைத் தாண்டி இஸ்தோப்பில் நின்று உள்ளே பார்த்து எடுத்துப் பார்த்தேன். நிலைக்கதவு பளீரென்று வந்தது, உள்ளே நாலு கறுப்பு உருவம். பிளாஷ் ஏழடிக்கு மேல் எட்டாது.

அந்த பிளாஷ்தான் இந்தக் கமராவின் பெரிய குறை. அணைக்கவே முடியாது. வெயிலில் எடுத்தாலும் வெட்டும், இருட்டில் எடுத்தாலும் வெட்டும். சாமித் தட்டை எடுத்தேன், முருகன் படத்துக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, முருகன் இருந்த இடத்தில் ஒரு சூரியன். அலுமாரிக் கண்ணாடி, சில்வர் குடம், குசினித் தகரம் எல்லாவற்றிலும் இதே கதை. லயத்து வீட்டில் மின்னாத சாமான் எது? வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ விசை எதுவும் இதில் இல்லை. எல்லாமே அதுவாகப் பார்த்துக்கொள்ளும். அது பார்த்துக்கொள்வது நமக்குப் பிடிக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நான் செய்த வைத்தியம் ஒன்றுதான்: வெள்ளை லைனிங் துணியில் ஒரு துண்டை ரெண்டாக மடித்து பிளாஷுக்கு மேல் ஒட்டினேன். வெட்டு கொஞ்சம் தணிந்தது. பக்கத்தில் வெளிச்சத்தை அளக்கும் சின்னக் கண் இருக்கிறது, அதை மட்டும் மறைத்துவிடக் கூடாது.

ஒரு மாதம் இப்படியே போனது. வெளுத்த முகங்கள், இருண்ட மூலைகள். விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் அந்தக் கை.

மழை விட்ட ஒரு பகல். அப்பாயி இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருடைய வலது கையில் முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருக்கும். அந்தக் கைதான் எனக்குச் சோறு ஊட்டியது, தலை வாரியது, அடித்தது. 27 வருசமாகப் பார்க்கிறேன். என்ன குத்தியிருக்கிறது என்று கேட்டிருந்தால் தேள் என்று சொல்லியிருப்பேன். தோல் சுருங்கி, பச்சை கலங்கி, ஒரு பழைய காயம் மாதிரிதான் என் கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது. லென்ஸை இரண்டாம் திருகு திருகி, ஒன்றரை அடிக்கும் கிட்டப் போய் அமுக்கினேன். அன்றைக்கு லைனிங் துணி ஒட்ட மறந்துபோயிற்று. பிளாஷ் முழு வேகத்தில் வெட்டியது. அப்பாயி, “கண்ணு போச்சுடி” என்று கீரையைக் கீழே போட்டார்.

படம் வெளியே வந்தபோது வழக்கம் போல ஒன்றுமில்லாத பால் வெள்ளை. கீழே உள்ள அகலமான வெள்ளை ஓரத்துக்குள்தான் மருந்துப் பை இருக்கிறது. வெளியே வரும்போது ரெண்டு உருளை அதை நசுக்கி, மருந்தைப் படம் முழுக்கப் பூசிவிடுகின்றன. அதற்குப் பிறகு நாம் செய்ய ஒன்றுமில்லை, ஒன்றரை நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தம்பி ஆட்டச் சொல்வான். ஆட்டினால் சீக்கிரம் வராது, கெட்டுப்போனாலும் போகும். மெஷின் பலகையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். முதலில் தரையின் நிழல் வந்தது. பிறகு கீரைக்கட்டின் பச்சை. கை வரவேயில்லை. தோல் முழுவதும் வெளுத்து, சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல், சோற்றுக் கஞ்சி மாதிரி ஒரு வெள்ளை. இதுவும் வீண், இன்னொரு 390 என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த வெள்ளைக்குள்ளிருந்து கோடுகள் ஏறத் தொடங்கின. பச்சை இல்லை, கருநீலம். முதலில் நடுவில் ஒரு புள்ளி வரிசை. அதைச் சுற்றி வளைந்து போகும் ஒரு கொடி. கொடியின் ரெண்டு பக்கமும் ஒன்றை ஒன்று பார்த்தபடி ரெண்டு பறவை. மணிக்கட்டுப் பக்கம் வளையல் போல மூன்று வரி.

“அப்பாயி, இது தேள் இல்லையா?”

“தேளா? யாருடி சொன்னது? கிளி. ரெண்டு கிளி. பக்கத்துத் தோட்டத்துலேர்ந்து ஒரு கெழவி வந்து குத்துனா. ரெண்டு கொத்து அரிசி குடுத்தாங்க எங்கம்மா. மூணு நாளு காய்ச்சல்.”

போனில் இதே கையை நான் பல தடவை எடுத்திருக்கிறேன். தேடிப் பார்த்தேன், இருந்தன. அழகான படங்கள், சுருக்கம், நரம்பு எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. கிளி மட்டும் இல்லை. இருக்கிறது, ஆனால் தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த மொட்டை பிளாஷ் தோலை அழித்துவிட்டு மையை மட்டும் மிச்சம் வைத்துவிட்டது. கமராவின் குறை என்று மேலே நான் திட்டி எழுதியதும் இதுவும் ஒன்றேதான். அந்தக் குறையைத் திரும்பக் கேட்டால் கொடுக்குமா என்றால் கொடுக்காது. அடுத்த நாள் அதே கையை அதே தூரத்தில் இன்னும் ரெண்டு தடவை எடுத்தேன். ஒன்று இருண்டது, ஒன்று ஆடியது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

படத்தின் மேல் மெல்லிய கடதாசி வைத்துக் கோட்டை எடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கினேன். 46 மில்லிமீற்றரில் இருந்தது கைச்சட்டை அகலத்துக்கு வந்தது. பிறகு பட்டர் பேப்பரில் வரைந்து, ஊசியால் கோட்டு வழியே ஓட்டை குத்தி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தேன். பேப்பரைத் தூக்கியபோது கருநீலப் பட்டில் வெள்ளைப் புள்ளிகளாக ரெண்டு கிளி. கோட்டுக்குச் சங்கிலித் தையல், புள்ளிக்கு மட்டும் மங்கிய பொன் நிற மணி. கிளிக்குக் கண் வைக்கவில்லை, அப்பாயியின் கையிலும் இல்லை. கொட்டகலைக் கல்யாணப் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, வேறு எதையும் புரட்டாமல் இதுவே வேணும் என்றாள். அதற்குப் பிறகு அந்த டிசைனில் நாலு பிளவுஸ் போட்டுவிட்டேன். இன்னும் ஹட்டனில் வரவில்லை. வரும்.

அப்பாயிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. “இதுக்கா காசு குடுக்குறாங்க” என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

அப்பாயியின் இளவயதுப் படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் விண்ணப்பக் கடதாசி வேலைக்கு எடுத்தது, நெற்றி முதல் கழுத்து வரைக்கும். எங்கள் ஆட்களில் யாரை எந்த நாடு ஏற்பது என்று இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குப் போனது. அவர்களுடைய படமும் பாஸ்போட்டுக்கு எடுத்ததுதான். எங்கள் தோட்டத்தில் பழைய படம் என்றால் பெரும்பாலும் இந்த மாதிரி, யாரோ ஒரு அதிகாரிக்குக் காட்ட எடுத்தவை. கையைப் படம் பிடிக்கச் சொல்லி எந்த அதிகாரி கேட்டார்?

இந்த உடனடிக் கமரா தோன்றிய கதையைத் தம்பி எங்கோ வாசித்துவிட்டு வந்து சொன்னான். 1943இல் எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கர் விடுமுறையில் மகளைப் படம் எடுத்தாராம். மூன்று வயதுப் பிள்ளை, படத்தை ஏன் இப்பவே பார்க்க முடியாது என்று கேட்டதாம். அந்தக் கேள்வியிலிருந்து உருவான போலராய்டு கமரா 1948 நவம்பரில் போஸ்டனில் விற்பனைக்கு வந்தது. தேதியைக் கேட்டவுடன் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்ததும் அதே 1948 நவம்பர்தான். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்த மாதத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் படம் எடுத்ததெல்லாம் விண்ணப்பத்தில் ஒட்டத்தான். போலராய்டு 2008இல் ஃபிலிம் செய்வதை நிறுத்தியது, பிறகு வேறு ஆட்கள் எடுத்து நடத்துகிறார்கள். இன்ஸ்டாக்ஸ் 1998இல் வந்தது. எங்களிடம் உள்ள மினி 12, 2023இல்.

மற்ற படங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. குசினிக் கூரையில் ஒரே ஒரு தகட்டை வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகடாக மாற்றியிருக்கிறோம். காலை பத்து மணிக்கு அது வழியாக ஒரு வெளிச்சத் தூண் இறங்கும், அடுப்புப் புகை அதில் சுருண்டு ஏறும். அதை எடுத்த படத்திலிருந்து ஒரு முதுகு டிசைன் கிடைத்தது. பீலியில் தண்ணி தெறிப்பதை பிளாஷ் அப்படியே நிறுத்திக் கொடுத்தது. அந்தச் சிதறல் மாதிரி மணி தூவி ஒரு சாரி ஓரம் போட்டேன். அது விற்கவில்லை. தகரத்தில் துரு படிந்த ஓரம், வெற்றிலைத் தட்டு, தம்பியின் சப்பாத்து நாடா எல்லாம் எடுத்தேன். பத்தில் ரெண்டு உருப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துத்தான் இருக்கிறது என்பது ஒரு விதத்தில் நல்லது. ஒரு படத்தை அமுக்க முன் நான் அந்த மூலையை ரெண்டு நாள் பார்க்கிறேன். எந்த நேரம் வெளிச்சம் எங்கே விழுகிறது, எது மின்னும், எது மின்னாது என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் எடுக்காமலே விட்டதும் உண்டு. எடுக்காமல் பார்த்ததிலிருந்தே ஒரு டிசைன் வந்தது. அதற்கு ஃபிலிம் செலவு இல்லை. கமரா இல்லாமலே அப்படிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். 27 வருசம் பார்க்கவில்லையே.

மலைநாட்டில் இதைப் பாவிப்பவர்களுக்குக் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. 5 பாகையிலிருந்து 40 பாகை வரைக்கும் வேலை செய்யும் என்று கமராவோடு வந்த தாளில் இருக்கிறது. தை மாத விடியற்காலையில் எங்கள் இஸ்தோப்பில் அந்தக் கீழ் எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்போம். அந்த நேரத்தில் எடுத்தால் படம் வர வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும், வந்தாலும் நீலம் பாய்ந்து வெளிறியிருக்கும். வெளியே வந்தவுடன் ஸ்வெட்டருக்குள் போட்டு உடம்புச் சூட்டில் வைத்தால் நிறம் நன்றாக வரும். அம்மா உதவி செய்கிறேன் என்று ஒரு படத்தை அடுப்புப் பக்கம் வைத்தார், அது வேறு மாதிரி கெட்டது. அளவான சூடு போதும், ரொட்டி சுட வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் ஃபிலிமுக்கு வெயிலைவிட ஈரம்தான் பகை. பிஸ்கட் தகரப் பேணியில், சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே அந்த ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளைச் சேர்த்துப் போட்டு வைக்கிறேன். எடுத்த படத்தைச் சுண்ணாம்புச் சுவரில் ஒட்ட வேண்டாம், மழைக் காலத்தில் சுவரோடு சேர்ந்து பூஞ்சணம் பிடிக்கும். நான் மெஷினுக்கு மேலே பொத்தான் நூல் கட்டி, உடுப்புக் கிளிப்பில் தொங்கவிட்டிருக்கிறேன். வெள்ளை ஓரத்தைக் கத்தரித்து அழகு பார்க்கவும் வேண்டாம். உள்ளே இருப்பது கையை அரிக்கும் மருந்து.

யார் வாங்கலாம்? வீட்டுக்குள் எல்லாரையும் சேர்த்துக் குடும்பப் படம் எடுக்க நினைப்பவர்கள் வாங்காதீர்கள். போனில் எடுத்து டவுனில் கழுவினால் இதைவிடப் பெரிய படம், மிகக் குறைந்த காசில் கிடைக்கும். கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு என்று எடுப்பவர்களுக்கு இதே கம்பனியின் இன்ஸ்டாக்ஸ் வைட் என்ற கமரா நல்லது, அதன் படம் 99க்கு 62 மில்லிமீற்றர். பிளாஷை அணைக்க வேண்டும், ஒரே ஃபிலிமில் ரெண்டு தடவை எடுத்து விளையாட வேண்டும் என்றால் மினி 90 என்று பழைய மொடல் ஒன்று இருக்கிறது. இன்னொரு தடவை வாங்குவதானால் நான் அதைத்தான் வாங்குவேன். கை வேலை செய்பவர்கள், கோடு தேடுகிறவர்கள், கிட்டப் போய் ஒரு மூலையைப் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள், படத்துக்கு 390 ரூபா வீணாய்ப் போனால் அழாதவர்கள் மினி 12 வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த அரை, கிளிக்கு.

ஒரே ஒரு ஆள் படத்தில்தான் இந்தக் கமரா என்னைத் தோற்கடிக்கவில்லை. அம்மா கேட்டு எடுத்தது. இத்தனை வருசமாக ரோட்டோர மலையில் அம்மாவை எத்தனையோ வெள்ளைக்காரர்கள் படம் எடுத்திருக்கிறார்கள். வேனை நிறுத்தி, கொழுந்தைக் கையில் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி எடுப்பார்கள். “எத்தன பேரு புடிச்சிட்டுப் போனாங்க, ஒரு ஆளு கையில குடுத்ததில்ல” என்றார். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கும் கூடையும் இல்லாமல் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அலுமாரியிலிருந்து அந்த மாம்பழ நிறச் சாரியை எடுத்துக் கட்டி, இஸ்தோப்புத் திண்ணையில் வெளியே பார்த்தபடி உட்கார்ந்தார். பின்னேர மூட்டம், அடிக்கிற வெயில் இல்லை, நாலடி தூரம், பிளாஷில் லைனிங் துணி. எல்லாம் பொருந்தி வந்தது. படம் ஏறி வருவதை அவர் கையில் வைத்தே பார்த்தார்.

அந்தப் படத்தின் அளவு அடையாள அட்டையின் அளவேதான். இப்போது அடையாள அட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அதற்குப் பின்னால் இருக்கிறது. சாரி ஓரத்தின் கோட்டை ஒரு டிசைனுக்குப் பார்க்க வேண்டும், ஒரு நாளைக்குத் தாங்க என்று கேட்டேன். தரவில்லை.